தீயணைப்பாளர் தேர்வுக்கு எங்கிருந்து தொடங்குவது?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 21, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு மாதவரம் பக்கம் ஒரு குடோனில் வேலை பார்க்கிறார். தீயணைப்புத் துறையில் சேர வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே ஆசையாம். பத்தாம் வகுப்புப் படிப்பு போதுமா, போலீஸ் தேர்வும் இதுவும் ஒன்றுதானா, 'ஃபயர் அண்ட் சேஃப்டி' கோர்ஸ் முடித்திருந்தால்தான் எடுப்பார்களா, கோச்சிங் சென்டரில் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா, வேலையை விடாமல் தயாராக முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் இந்தத் துறையில் முன்னணித் தீயணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குக் காலையில் மைதானத்திலும் ராத்திரியில் பாடத்திலும் துணையாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன், தம்பி. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

தீயணைப்புத் துறைக்கென்று தனித் தேர்வு கிடையாது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே பொதுத் தேர்வு வைக்கிறது. ஒரே விண்ணப்பம், ஒரே வினாத்தாள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 2023 அறிவிப்பில் மொத்தம் 3,359 இடங்கள், அதில் 674 தீயணைப்பாளர் இடங்கள். 2025 அறிவிப்பில் மொத்தம் 3,644, அதில் தீயணைப்புக்கு 631. சம்பளம் 18,200 முதல் 67,100 வரையிலான நிலையில் தொடங்குகிறது. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். மேல் வரம்பு பொதுப் பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 31. உங்களுக்கு 21 என்பதால் வயதைப் பற்றிய பதற்றம் வேண்டாம். அதற்காக ஒவ்வொரு வருடமும் அறிவிப்பு வரும் என்றும் நம்பி இருக்காதீர்கள். 2024இல் இந்தப் பொதுத் தேர்வு நடக்கவே இல்லை.

'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமோ இந்தப் பதவிக்குத் தேவையே இல்லை. அதை வைத்திருந்தால் ஒரு மதிப்பெண்கூட அதிகமாகக் கிடைக்காது. மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பிரிவில் வேலை தேடுகிறவர்களுக்கு அந்தப் படிப்பு உதவும். ஆனால் 'இதை முடித்தால் அரசுத் தீயணைப்பு வேலை உறுதி' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்களே, அதை நம்பி அம்மாவின் நகையை அடகு வைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? புத்தகக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலும் முதுகும் தலையின் பின்பக்கமும் சுவரில் படும்படி நின்று உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். 170 செ.மீ. வேண்டும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167. காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் சாயங்காலம் கொஞ்சம் குறைந்துவிடும். நாளெல்லாம் நின்று நடந்ததில் முதுகெலும்பு வட்டுகள் அமுங்கிவிடுவதுதான் காரணம். அதனால் காலையிலும் மாலையிலும் அளந்து பார்த்து, குறைந்த அளவை நம்புங்கள். மார்பளவு சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்து விரிக்கும்போது இன்னும் 5 செ.மீ. கூட வேண்டும். மார்பைப் பயிற்சியில் கொண்டுவந்துவிடலாம், உயரத்தை முடியாது. வருடக்கணக்கில் படித்து, எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, அளவுகோலின் கீழே நிற்கும்போதுதான் அரை அங்குலம் போதவில்லை என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது. நிறக்குருடு, தட்டைப் பாதம், முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசுவது இவற்றையும் அரசு மருத்துவமனையில் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஓ.பி. சீட்டு போட்டு ஒரு காலைப் பொழுது காத்திருந்தால் வேலை முடிந்துவிடும்.

அளவு சரியாக இருக்கிறதா? அப்படியானால் மதிப்பெண் கணக்கைப் பார்ப்போம். மொத்தம் 100. அதில் எழுத்துத் தேர்வு 70, உடற்திறன் 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்குச் சேர்ந்து 6. இந்த நூற்றுக்குள் வராத தமிழ் மொழித் தகுதித் தேர்வு ஒன்று தனியாக இருக்கிறது: 80 கேள்விகள், 80 நிமிடங்கள். அதில் 40 சதவீதம், அதாவது 32 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

நான் பார்த்தவரை பிள்ளைகள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். அறிவிப்பு வந்ததும் பொது அறிவுப் புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்வார்கள். தமிழைத் 'தெரிந்ததுதானே' என்று விட்டுவிடுவார்கள். எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் ஓடத் தொடங்குவார்கள். தமிழில் தோற்றால் எல்லாமே போய்விடும் என்பதால் அதை முதலில் பாதுகாப்பாக்க வேண்டும். வேலை கிடைப்பதை முடிவு செய்வது எழுத்துத் தாளின் 70. ஆனால் கடைசி நேரத்தில் அவசரமாகச் சேர்த்துக்கொள்ள முடியாத ஒன்று உடம்புதான். அதனால் உடம்பை இன்றைக்கே தொடங்குங்கள், தமிழைத் தினமும் தொடுங்கள், மிச்ச நேரம் முழுக்க முதன்மைத் தாளுக்கு.

தமிழ்த் தாள் பத்தாம் வகுப்புத் தரம்தான். பிரித்து எழுதுதல், சேர்த்து எழுதுதல், எதிர்ச்சொல், வேர்ச்சொல், சந்திப்பிழை, இலக்கணக் குறிப்பு, எதுகை மோனை, சிறப்புப் பெயருக்குரிய புலவர்கள் இப்படித்தான் கேள்விகள் இருக்கும். ஆங்கில வழியில் படித்த சென்னைப் பிள்ளைகள் சிலர் பொது அறிவில் புலியாக இருந்தும் இங்கே சறுக்குவார்கள். 'வந்த' பெயரெச்சமா வினையெச்சமா என்று கேட்டால் வாய் குழறும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள சமச்சீர்த் தமிழ்ப் புத்தகங்களில் ஒவ்வொரு இயலின் முடிவிலும் 'கற்கண்டு' என்று இலக்கணப் பகுதி வரும். அதையும் பின்னால் உள்ள பயிற்சியையும் கையால் எழுதிப் பார்த்தாலே 32ஐத் தாண்டிவிடலாம்.

முதன்மைத் தாள் 70 கேள்வி, 80 நிமிடம். அதில் 45 பொது அறிவு, 25 உளவியல். விதிப்படி 25 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. ஆனால் இடங்களைப் போலச் சில மடங்குப் பேரை மட்டும் மேலிருந்து எடுத்து மைதானத்துக்கு அழைப்பார்கள். 25 எடுத்தவர் மைதானம் வரை வந்து நான் பார்த்ததில்லை. ஐம்பதுக்கு மேல் என்று வைத்துக்கொண்டு படியுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை என்பதால் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடாதீர்கள்.

பொது அறிவில் வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம், அறிவியல், நடப்பு நிகழ்வுகள் எல்லாம் வரும். இவற்றில் அறிவியலைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். காரணம், அந்தப் பாடம் முழுக்க நாளைக்கு நீங்கள் பார்க்கப்போகிற வேலைதான். மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு அது வறட்டு வரியாகத் தெரியும். தீயணைப்பாளராக வேண்டும் என்று படிக்கிறவருக்கு அப்படித் தெரியாது.

வெப்பம் பரவும் மூன்று வழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடத்தல், சலனம், கதிர்வீச்சு. பாரிமுனைச் சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டிய கடைகள். ஒரு கடையின் இரும்புத் தூலம் சூடேறி, அடுத்த கடையில் அதன்மேல் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டியைப் பற்றவைத்தால் அது கடத்தல். பல மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழி வழியாகவும் மாடிப்படி வழியாகவும் சூடான புகை மேலே ஏறி, நெருப்பே இல்லாத மேல்தளத்தில் இருப்பவர்களை மூச்சுத் திணற வைத்தால் அது சலனம். எதிர்ப்பக்கக் குடிசையின் ஓலை தீயைத் தொடாமலே கருகத் தொடங்கினால் அது கதிர்வீச்சு. வேலைக்கு வந்த பிறகு, எங்கே முதலில் தண்ணீர் அடிப்பது என்று அதிகாரி முடிவெடுப்பதே இந்த மூன்றையும் பார்த்துத்தான்.

தண்ணீர் ஏன் நெருப்பை அணைக்கிறது? நனைப்பதால் என்று பலர் எழுதுவார்கள். உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 100 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக மாற மட்டும் சுமார் 540 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. அவ்வளவு வெப்பத்தை எரியும் பொருளிடமிருந்து பிடுங்கிவிடுவதால் அது எரிவெப்பநிலைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதே தண்ணீர் ஆவியானதும் சுமார் 1,700 மடங்கு பெருக்கும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால், எரியும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும் தானாகப் புரிந்துவிடும். தண்ணீர் எண்ணெயை விடக் கனமானது, அடியில் போய்விடும். அங்கே கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகி, மேலே இருக்கும் எரிகிற எண்ணெயைச் சமையலறை முழுக்க வீசும். ஒரு பாடத்தில் அடர்த்தி, இன்னொன்றில் உள்ளுறை வெப்பம் என்று தனித்தனியாகக் கிடப்பவை ஒரு வாணலியில் ஒன்று சேர்கின்றன.

இப்படியே போகலாம். சோடியத்தை மண்ணெண்ணெயில் ஏன் வைக்கிறோம் என்பது ஒரு மதிப்பெண் கேள்வி. உலோகத் தீயில் தண்ணீர் அடிக்கக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் இருப்பதும் அதே காரணம்தான். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், அதற்கு வாசனை தருவது எத்தில் மெர்காப்டன். கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தீ விபத்தில் பலர் வெந்து சாவதில்லை, புகையில்தான் போகிறார்கள் என்பதற்கு அந்த வரிதான் விளக்கம். நசுங்கிய காருக்குள் மாட்டியவரை மீட்க உதவும் ஹைட்ராலிக் கட்டர் பாஸ்கல் விதியில் இயங்குகிறது. ஹோஸின் முனையில் இருக்கும் பிராஞ்சைப் பிடித்து நிற்பவரைத் தண்ணீர் பின்னால் தள்ளுவது நியூட்டனின் மூன்றாம் விதி. அழுத்தம் கூடினால் ஒரு ஆள் போதாது, பின்னால் இன்னொருவர் தோள் கொடுக்க வேண்டும். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

மற்ற பாடங்களிலும் நம் துறை எட்டிப்பார்க்கும். தீயணைப்புப் பணி அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணையில், 74ஆவது திருத்தத்தின் வழியே நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. ஆனாலும் நம் மாநிலத்தில் அதை மாநில அரசின் துறையே நடத்துகிறது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985ஆம் ஆண்டுடையது. ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். 1944இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' என்ற கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். வேலைக்கு வந்ததும் ஒவ்வொரு வருடமும் அந்த வாரம் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் செயல்விளக்கம் காட்டுவீர்கள்.

நடப்பு நிகழ்வுகளுக்கு ஒரு தமிழ் நாளிதழ் போதும். வரலாறு, புவியியலுக்குப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உளவியல் என்று பெயர் இருந்தாலும் அந்த 25 கேள்வியில் பெரும்பகுதி கணக்கும் தர்க்கமும்தான். எண் தொடர், திசை, உறவுமுறை, கடிகாரம், நாள்காட்டி, சதவீதம், வேலையும் நேரமும். பொது அறிவில் கேட்காத பக்கத்திலிருந்து கேள்வி வந்துவிடலாம். இங்கே அந்த ஆபத்து குறைவு, பழகினால் இருபதுக்கு மேல் நிச்சயம். ஒரு கணக்கு தருகிறேன். ஒரு தண்ணீர் வண்டியில் 4,500 லிட்டர் இருக்கிறது. பம்ப் நிமிடத்துக்கு 1,800 லிட்டர் வெளியேற்றுகிறது. எத்தனை நேரத்தில் தொட்டி காலியாகும்? இரண்டரை நிமிடம். பேப்பரில் ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். ஆனால் அந்த விடையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பம்பை முழு வேகத்தில் வைத்தால் வண்டித் தண்ணீர் மூன்று நிமிடம்கூடத் தாங்காது. பெரிய தீ என்றால் குடிநீர் வாரிய லாரிகள் வரிசை கட்டி நிற்பதும், அந்த லாரி வர முடியாதபடி சந்தில் வண்டியை நிறுத்தியிருப்பவரைப் பார்த்து நாங்கள் கத்துவதும் இதனால்தான்.

இனி மைதானம். முதலில் 1,500 மீட்டர் ஓட்டம், 7 நிமிடத்துக்குள். இதற்கு மதிப்பெண் கிடையாது, முடிக்காவிட்டால் வெளியே. 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி, 100 மீட்டருக்கு 28 விநாடி. இது பயங்கரமான வேகம் இல்லை. ஆனாலும் விழுகிறார்கள், காரணம் முதல் சுற்று. விசில் ஊதியதும் கூட்டத்தோடு கூட்டமாகப் பாய்ந்து முதல் சுற்றை ஒன்றேகால் நிமிடத்தில் முடித்துவிட்டு மூன்றாவதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் கடிகாரம் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றும் 1:45க்கும் 1:50க்கும் இடையில் வருகிறதா என்று பார்த்து ஓடிப் பழகுங்கள். அந்த வேகம் காலுக்குப் பழகிவிட்டால் அன்றைக்குப் பக்கத்தில் ஓடுகிறவர் உங்களை இழுக்க முடியாது.

தொடங்கும்போது இரண்டு மூன்று வாரம் ஓட்டமும் நடையுமாக மாறி மாறிப் போங்கள். மெரினா மணலில் ஓடினால் கால் உரம் ஏறும் என்று எடுத்த எடுப்பிலேயே மணலில் இறங்குகிறவர்கள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். முதல் இரண்டு மாதம் கெட்டித் தரை, அப்புறம் வாரத்தில் ஒரு நாள் மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கால் எலும்பில் வலி வந்தால் அதன்மேல் ஓடாதீர்கள், ஓய்வு கொடுங்கள். சென்னை வெயிலுக்குக் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். ஏழரை மணி வெயிலில் ஓடி மயங்கி விழுவதில் வீரம் எதுவும் இல்லை.

அடுத்தது நட்சத்திரம் வாங்கும் போட்டிகள். உடற்திறனுக்கான அந்த 24 மதிப்பெண் இந்த நட்சத்திரங்களை வைத்துத்தான். கயிறு ஏறுதலில் 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டருக்கு ஒன்று, 4.50க்கு இரண்டு. அதற்குப் பதில் உயரம் தாண்டுவதானால் 1.20, 1.40. 100 மீட்டர் ஓட்டம் 15 விநாடிக்குள் ஒன்று, 13.5க்குள் இரண்டு. அது வேண்டாம் என்றால் 400 மீட்டர், 80 விநாடி, 70 விநாடி. மூன்று போட்டியிலும் குறைந்தது ஒரு நட்சத்திரம் வேண்டும்.

இதில் நகரத்துப் பிள்ளைகளை அடிப்பது கயிறுதான். ஓடவும் தாண்டவும் இடம் கிடைக்கும், கயிறு கட்டியிருக்கும் இடம் கிடைக்காது. வடசென்னையில் குத்துச்சண்டை, கபடிப் பயிற்சி நடக்கும் மைதானங்களில் விசாரியுங்கள். நல்ல மரம் உள்ள இடமாக இருந்தால் நான்கு பேர் சேர்ந்து கனமான கயிறு ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். கீழே மணல் கொட்டி, ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்காமல் யாரும் ஏறக் கூடாது.

முதல் மாதம் ஏறவே வேண்டாம். பாரில் தொங்குங்கள். முப்பது விநாடி அசையாமல் தொங்க முடிகிறதா, அப்புறம் ஒரு நிமிடம். அடுத்து புல்லப்ஸ். எட்டு பத்து சுத்தமாக வந்த பிறகு கயிற்றைப் பிடியுங்கள். கயிற்றில் கையை எட்டும் தூரத்துக்கும் மேலே எறிந்து பிடிக்காதீர்கள், நெற்றிக்குச் சற்று மேலே பிடித்து, மார்பு வரை இழுத்து, அடுத்த கை. முழுக்க நீட்டிய கையால் உடம்பை இழுப்பதில்தான் பலம் வீணாகிறது. கையாலேயே ஏறப் பழகுங்கள், ஆனால் கால் பூட்டும் தெரிந்திருக்கட்டும். கயிறு வலது காலின் வெளிப்பக்கமாக இறங்கி, வலது பாதத்தின் அடியிலும் இடது பாதத்தின் மேலும் போக வேண்டும். வலது பாதத்தால் இடது பாதத்தை மிதித்தால் கயிறு பூட்டிக்கொள்ளும், கைக்கு ஒரு நொடி ஓய்வு கிடைக்கும். இறங்கும்போது சறுக்கவே சறுக்காதீர்கள். உள்ளங்கைத் தோல் கழன்று வந்துவிடும், ஒரு வாரம் எதையும் பிடிக்க முடியாது. கை மாற்றிக் கை வைத்து இறங்குங்கள்.

தாண்டுதலுக்கு ஓடிவரும் தூரத்தைக் குறித்துப் பழகிவிட்டால் ஃபவுல் ஆகாது, அதைவிட ரகசியம் எதுவும் இல்லை.

மழைக் காலத்தையும் கணக்கில் வையுங்கள். 2022இல் நவம்பர் 27, 2023இல் டிசம்பர் 10, 2025இல் நவம்பர் 9 என்று எழுத்துத் தேர்வுகள் வடகிழக்குப் பருவமழையோடுதான் வந்திருக்கின்றன. அக்டோபரிலிருந்து மைதானம் குளமாகக் கிடக்கும், கயிறு ஊறிவிடும், ஓட்டம் நின்றுவிடும். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே தண்டால், பஸ்கி, மாடிப்படி ஏறி இறங்குதல் என்று உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்த மறுநாளே மைதானத்துக்குத் திரும்புங்கள். முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் உடற்தகுதித் தேர்வுக்கு மிஞ்சுவது சில வாரங்கள்தான்.

கோச்சிங் பணம் கட்ட வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை என்பதுதான் என் பதில். சமச்சீர்ப் புத்தகங்களைப் பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள். கிண்டியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்புகள் நடக்கும், நேரில் போய் எது எப்போது என்று கேளுங்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் நம் பக்கம் அதிகம், எனக்குத் தெரியும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய்ப் படிக்கும் பகுதி இருக்கிறது. எழும்பூரில் கன்னிமாரா நூலகம். கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் உங்களுக்கு இன்னும் பக்கம். தனியாக உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், ஒருவர் அதட்ட வேண்டும் என்கிற சுபாவம் உள்ளவர்களுக்குக் கோச்சிங் உதவும். அதற்குக் கடன் வாங்காதீர்கள்.

'உள்ளே ஆள் இருக்கிறது, இரண்டு லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்' என்று யாராவது வந்தால் பேச்சையே வளர்க்காதீர்கள். வாரியம் மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் வைத்துத்தான் பட்டியல் போடுகிறது. பணத்தைக் கொடுத்தால் பணமும் போகும், வழக்கில் பெயர் வந்தால் வேலையும் போகும். வழக்கு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். தேர்வான பிறகு போலீஸ் விசாரணை உண்டு. தெருச் சண்டையில் பெயர் சேர்ந்த சின்ன வழக்காக இருந்தாலும் மறைக்கக் கூடாது, மறைத்தது தெரிந்தாலே நீக்கிவிடுவார்கள். அதைவிட, தயாராகும் காலத்தில் கூட்டாளிகளின் தகராறுகளிலிருந்து தள்ளியே இருந்துவிடுங்கள்.

சான்றிதழ்களில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்திருந்தால் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கான சான்றைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். பள்ளி மாறி மாறிப் படித்தவர்களுக்கு இதற்கே பல நாள் அலைச்சல், கடைசி வாரத்தில் முடியாது.

விண்ணப்பத்தில் எந்தத் துறை முதலில் என்று விருப்ப வரிசை கேட்கும் இடத்தில் தீயணைப்பை முதலில் போடுவதற்கு முன் இந்த வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். தீபாவளி ராத்திரி வீட்டில் இருக்க மாட்டீர்கள். தீ விபத்து அழைப்பு ஒரு பக்கம் என்றால் பாம்பு, கால்வாயில் விழுந்த மாடு, நடுவில் நின்ற லிஃப்ட், கிணறு என்று மீட்பு அழைப்புகள் இன்னொரு பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையிலும் முடிச்சூரிலும் கழுத்தளவு தண்ணீரில் நின்று வேலை பார்த்திருக்கிறது இந்தத் துறை. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் கலச மஹால் எரிந்தபோது உள்ளே போன தீயணைப்பு வீரர் ஒருவர் திரும்பி வரவில்லை. உயரத்தில் நின்றால் தலை சுற்றுகிறதா, இருட்டான இறுக்கமான இடத்தில் மூச்சு முட்டுகிறதா என்று உங்களையே சோதித்துப் பாருங்கள். பயம் இருப்பதில் தவறில்லை, பயிற்சியில் பெரும்பாலும் போய்விடும். தேர்வில் கேட்காவிட்டாலும் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், மெரினா நீச்சல் குளம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு சாயங்காலம் போய், நிலைய அலுவலரிடம் வணக்கம் சொல்லி, தேர்வு எழுதப்போகிறேன், பார்க்கலாமா சார் என்று கேளுங்கள். அழைப்பு வராத நேரமாக இருந்தால் வண்டியைச் சுற்றிக் காட்டுவார்கள்.

நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு என்றால் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் தீயணைப்புக் காவலர் தேர்வையும் கவனியுங்கள். அங்கே 24 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் ஓட வேண்டும், வயது வரம்பு 23தான், எனவே அதைத் தள்ளிப்போட முடியாது.

கடைசிக் கேள்வி, வேலையை விடாமல் முடியுமா என்பது. முடியும், விடவும் வேண்டாம். வீட்டுக்கு வருகிற சம்பளம் நின்றுவிட்டால் மூன்றாவது மாதமே படிப்பில் மனசு நிற்காது. குடோனில் ஒன்பது மணிக்கு வேலை என்று வைத்துக்கொள்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தரைக்கு மைதானம், ஒரு மணி நேரம். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் கயிறும் புல்லப்ஸும், ஒரு நாள் தாண்டுதல், ஞாயிறு உடம்புக்கு ஓய்வு. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் தமிழ். பஸ்ஸில் நாளிதழ். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பத்து உளவியல் கணக்கு, ஒரு சின்ன நோட்டு போதும். ராத்திரி எட்டரையிலிருந்து பத்து வரை பொது அறிவு. பத்தரைக்குப் படுத்துவிட வேண்டும், தூக்கம் குறைந்தால் மைதானத்தில் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதி, தப்பான கேள்விகளை மட்டும் தனி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூட்டை தூக்குகிற வேலை என்றால் கயிற்றுப் பயிற்சியை வாரத்தில் ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம், தோளுக்கு ஏற்கனவே வேலை இருக்கிறது. உயரத்தை அளந்துவிட்டு எனக்கு எழுதுங்கள் தம்பி, அதைப் பொறுத்து மேற்கொண்டு பேசலாம்.